ஆக்சிஜன் மெஷின் ஓடும் வீட்டில் கரன்ட் போனால்? மரக்காணம் கடலோரத்துக்கு ஒரு பட்டியல் வேண்டும்

புயல் எச்சரிக்கை வந்துவிட்டால் மரக்காணம் கடலோரத்தில் என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் பழகிப்போன விஷயம். படகுகளை மேட்டுக்கு இழுத்து வைப்பார்கள். குவித்து வைத்த உப்பை மூடிக் கட்டுவார்கள். குடத்தில் தண்ணீர் பிடிப்பார்கள். போனுக்கு சார்ஜ் போடுவார்கள். கரன்ட் போகும் என்பதில் யாருக்கும் சந்தேகமே இருக்காது. எப்போது திரும்பும் என்பதுதான் கேள்வி.

பெரும்பாலான வீடுகளுக்கு அது சிரமம். இருட்டு, கொசு, ஓடாத மோட்டார், சார்ஜ் இறங்கிய போன். ஆனால் ஒருசில வீடுகளில் ஒரு மூலையில் ஆக்சிஜன் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். இன்னொரு வீட்டில் இரவு முழுக்க பைபாப் மாஸ்க். மற்றொன்றில் தொண்டையில் குழாய் போட்ட நோயாளிக்கு சளி உறிஞ்சும் மெஷின். அந்த வீடுகளில் கரன்ட் போவதற்கு அர்த்தமே வேறு.

அப்படிப்பட்ட வீடுகள் மரக்காணம் வட்டாரத்தில் எத்தனை? எந்தத் தெருவில்? எந்த டிரான்ஸ்ஃபார்மரில்? இபி ஆபீசில் கேட்டால் அவர்களிடம் அந்தக் கணக்குக்கான கட்டமே கிடையாது. சிக்கலின் வேர் இதுதான். பேட்டரி, ஜெனரேட்டர் எல்லாம் அதற்குப் பிறகு வருபவை. மின்சாரத்தை நம்பி உயிர்வாழும் நோயாளிகளின் பட்டியல் ஒன்றை மின் இணைப்பு எண்ணோடு சேர்த்து அரசு வைத்திருக்க வேண்டும். அதற்குத் தேவையான பெரும்பகுதி வேலையைத் தமிழ்நாடு ஏற்கெனவே செய்து முடித்துவிட்டது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

இந்தக் கடற்கரையில் கரன்ட் ஏன் அடிக்கடி போகிறது?

முதல் காரணம் எல்லோருக்கும் தெரிந்தது. 2020 நவம்பர் 25 நள்ளிரவை ஒட்டி நிவர் புயல் புதுச்சேரிக்கு வடக்கே, மரக்காணம் அருகே கரையைக் கடந்தது. காற்றின் வேகம் மணிக்கு 120 முதல் 130 கிலோமீட்டர். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அதன் காற்று நிவர் அளவுக்கு இல்லை. ஆனால் கரையேறிய பிறகும் நகராமல் மணிக்கணக்கில் அதே இடத்தில் நின்று கொட்டியது. மரக்காணம் இருக்கும் அதே விழுப்புரம் மாவட்டத்தின் மயிலத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை.

புயல் நேரத்தில் கம்பம் சாய்ந்துதான் கரன்ட் போக வேண்டும் என்றில்லை. காற்று பலமானால் மின்வாரியமே பாதுகாப்புக்காக லைனை நிறுத்திவிடும். அறுந்து விழுந்த கம்பியில் மின்சாரம் ஓடிக்கொண்டிருந்தால் தண்ணீரில் கால் வைப்பவர் உயிர் போகும். எனவே நிறுத்துவது சரியான முடிவு. காற்று அடங்கிய பிறகு லைனை நடந்து பார்த்து, சரி செய்து, பகுதி பகுதியாகத்தான் திரும்பக் கொடுப்பார்கள்.

இரண்டாவது காரணம் உப்பு. தூத்துக்குடி, வேதாரண்யம் போல மரக்காணமும் உப்பளங்களுக்குப் பெயர் பெற்ற ஊர். கடல் காற்றில் வரும் உப்பு, மின்கம்பத்தில் கம்பியைத் தாங்கும் பீங்கான் இன்சுலேட்டர் மீது மெல்லிய படலமாகப் படியும். காய்ந்திருக்கும் வரை தொல்லை இல்லை. அதிகாலைப் பனியோ லேசான தூறலோ பட்டு அது ஈரமானால், உப்புப் படலம் மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கும். பொறி பறக்கும், லைன் ட்ரிப் ஆகும். பெருமழை பெய்தால் உப்பு கழுவிப் போய்விடும். தூறலும் பனியும்தான் வம்பு. புயலே இல்லாத ஒரு விடியற்காலையிலும் கடலோர ஊர்களில் கரன்ட் போவதற்கு இது ஒரு காரணம்.

மூன்றாவது, நாம் பெரிதாக எடுத்துக்கொள்ளாத ஒன்று. துணை மின்நிலைய மாதாந்திரப் பராமரிப்பு. "காலை 9 மணி முதல் மின்தடை" என்று நாளிதழில் வரும் சின்னப் பெட்டிச் செய்தி. பிற்பகல் 2 மணிக்கோ, மாலையிலோதான் கரன்ட் வரும். ஆபீஸ் போகிறவருக்கு அது பொருட்டே இல்லை. வீட்டில் மெஷினோடு படுத்திருப்பவருக்கு அது ஐந்து மணி நேரமோ, எட்டு மணி நேரமோ.

இன்வெர்ட்டர் இருந்தால் போதாதா?

பலரும் நம்புவது இதைத்தான். ஒரு சின்னக் கணக்குப் போட்டால் உண்மை தெரியும்.

வீட்டில் பயன்படுத்தும் 5 லிட்டர் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் சுமார் 300 முதல் 350 வாட் இழுக்கும். 10 லிட்டர் மெஷின் என்றால் ஏறக்குறைய 600 வாட். வீடுகளில் வழக்கமாக இருக்கும் 12 வோல்ட், 150 ஏ.எச். பேட்டரியின் கொள்ளளவு காகிதத்தில் 1,800 வாட்-மணி. ஆனால் முழுவதையும் உறிஞ்ச முடியாது. இன்வெர்ட்டரிலும் கொஞ்சம் வீணாகும். நடைமுறையில் 1,200 வாட்-மணி கிடைத்தால் நல்லது.

அதாவது, புது பேட்டரியாக இருந்து, ஃபேன், லைட் எதுவும் போடாமல், 5 லிட்டர் மெஷினை மட்டும் ஓட்டினால் மூன்றரை மணி நேரம். 10 லிட்டர் மெஷின் என்றால் இரண்டு மணி நேரம். இரண்டு மூன்று வருடம் பழகிய பேட்டரி என்றால் இன்னும் குறையும். காலை 9 மணிக்கு நின்ற கரன்ட்டுக்கு மதியச் சாப்பாட்டுக்கு முன்பே பேட்டரி காலி.

இன்னொன்றும் உண்டு. கான்சன்ட்ரேட்டருக்குள் இருப்பது கம்ப்ரசர் மோட்டார். விலை குறைந்த ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் அது சூடாகும், சரியாக ஓடாது, கெட்டும் போகலாம். சைன் வேவ் இன்வெர்ட்டர்தான் வேண்டும். கடைக்காரர் விற்கும்போது "லைட், ஃபேன் எத்தனை?" என்றுதான் கேட்பார். மெஷின் இருப்பதை நாம்தான் சொல்ல வேண்டும்.

கடலோர வீடுகளில் பேட்டரி முனையில் வெள்ளையும் பச்சையுமாகப் பூக்கும். உப்புக் காற்றில் அது சீக்கிரமே நடக்கும். துடைத்து வாசலின் தடவாவிட்டால், அவசரத்தில் இன்வெர்ட்டர் கைவிடும்.

சோலார் போட்டால்?

2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட் சோலாருக்கு 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு. அதைப் பார்த்து "இனி கரன்ட் போனாலும் கவலையில்லை" என்று நினைப்பவர்கள் அதிகம். வழக்கமான மொட்டைமாடி சோலார், மின்வாரிய லைனோடு இணைந்து ஓடுவது. லைனில் கரன்ட் நின்றால் அதுவும் தானாக நின்றுவிடும். வெயில் கொளுத்தினாலும் வீட்டுக்குள் ஒரு பல்பு எரியாது. கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் லைன்மேன் மீது உங்கள் வீட்டு சோலார் மின்சாரம் பாயக்கூடாது என்பதற்காகவே அப்படி வடிவமைத்திருக்கிறார்கள்.

கரன்ட் இல்லாதபோதும் ஓட வேண்டுமானால் பேட்டரியோடு கூடிய ஹைபிரிட் இன்வெர்ட்டர் வேண்டும். அதற்கான செலவு தனி. மழைக்காலத்தில் மேகம் மூடிய நாட்களில் பேனலில் இருந்து வருவதும் சொற்பம். மரக்காணத்துக்கு பேக்கப் தேவைப்படுவதோ பெரும்பாலும் அந்த மேகமூட்ட நாட்களில்தான்.

இந்த மெஷின்கள் யார் வீட்டில் இருக்கின்றன?

கொரோனா இரண்டாம் அலை வீசிய 2021 மே மாதத்தில்தான் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் என்ற பெயரே பல குடும்பங்களுக்கு அறிமுகமானது. அதற்கு முன்பும் பின்பும் அது தேவைப்படுவோர் இருக்கிறார்கள். பல வருடம் பீடி, சிகரெட் பிடித்தவர்கள், விறகடுப்புப் புகையில் சமைத்தே நுரையீரல் பழுதான பெண்கள், காசநோய் வந்து குணமான பிறகும் நுரையீரலில் தழும்பு மிஞ்சியவர்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு நிரந்தரமாகக் குறைந்தவர்களுக்கு ஒரு நாளில் குறைந்தது 15 மணி நேரம் ஆக்சிஜன் எடுக்கச் சொல்வது மருத்துவ நடைமுறை.

15 மணி நேரம் 350 வாட் மெஷின் ஓடினால் ஒரு நாளைக்கு ஐந்து யூனிட்டுக்கு மேல். இரண்டு மாத பில்லில் 300 யூனிட்டைத் தாண்டும். வீட்டின் மற்ற உபயோகம் இதில் சேரவில்லை. நம் கட்டண முறையில் யூனிட் கூடக்கூட விலையும் ஏறும். ஏசி போட்டு உயரும் பில்லும், மூச்சுக்காக உயரும் பில்லும் மின்வாரியத்துக்கு ஒன்றுதான். ஏனென்றால், மறுபடியும், அந்த வீட்டில் மெஷின் இருப்பது அதற்குத் தெரியாது.

உப்பளத் தொழிலாளி வீட்டை எடுத்துக்கொள்வோம். வருடத் தொடக்கத்தில் பாத்தி கட்டினால் மழை தொடங்கும் வரைதான் வேலை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை உப்பளம் தண்ணீருக்குள். அந்த மாதங்களுக்கு அரசு தரும் நிவாரணம் 5,000 ரூபாய். ஒரு நல்ல சைன் வேவ் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வாங்கினால் அதைப் போல நாலைந்து மடங்கு ஆகும். வருமானம் இல்லாத மாதங்களும் கரன்ட் போகும் மாதங்களும் ஒரே மாதங்களாக இருக்கும் வீட்டைப் பார்த்து "முன்கூட்டியே தயாராக இருங்கள்" என்று சொல்வது எளிது. அதை வைத்து அவர்கள் என்ன செய்ய முடியும்?

பட்டியல் இருந்தால் என்ன மாறும்?

இதற்குப் பதில் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. புயல் வரும்போது கடலோர மாவட்டங்களில் பிரசவ தேதி நெருங்கிய கர்ப்பிணிகளை முன்கூட்டியே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுகிறார்கள். நிவரின்போதும் நடந்தது, அதற்குப் பிந்தைய புயல்களிலும் நடந்தது. இது எப்படி முடிகிறது? கர்ப்பம் உறுதியானதும் பிக்மி எண் கொடுத்துப் பதிவு செய்கிறோம். எந்தக் கிராமத்தில், எந்தப் பெண்ணுக்கு, எந்த வாரம் பிரசவம் என்று கிராம சுகாதார செவிலியரிடம் கணக்கு இருக்கிறது. கணக்கு இருப்பதால் வண்டி போகிறது.

ஆக்சிஜன் மெஷினில் இருக்கும் அறுபது வயதுக்காரருக்கு அப்படி ஒரு எண் இல்லை. அதனால் அவர் வீட்டு வாசலுக்கு வண்டியும் போவதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் பைக்கில் வைத்துக் கொண்டுபோனால்தான் உண்டு.

ஆனால் அவரைத் தெரிந்தவர்கள் அரசுக்குள்ளேயே இருக்கிறார்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் பிரஷர், சுகர் மாத்திரை கொடுக்கிறார்கள். படுத்த படுக்கையாக இருப்போருக்கு நோய்த் தணிப்பு சிகிச்சை, பிசியோதெரபி, வீட்டிலேயே வயிற்று வழி டயாலிசிஸ் செய்துகொள்வோருக்குத் திரவப் பை எல்லாம் இந்தத் திட்டத்தில் உண்டு. இப்படி வீட்டுக்குள் வருகிறவருக்கு அந்த மூலையில் ஓடும் மெஷின் கண்ணில் படாமல் போகாது. அதை எழுதி வைக்க ஒரு கட்டமும், அதை இபி ஆபீசுக்கு அனுப்ப ஒரு வழியும்தான் பாக்கி.

"மின் இணைப்போடு இணைப்பது பெரிய வேலையாயிற்றே" என்று தோன்றலாம். 2022 நவம்பரில் ஆதாரை மின் இணைப்போடு இணைக்கச் சொன்னது மின்வாரியம். 2023 பிப்ரவரி வரை அவகாசத்தை நீட்டி, முகாம் போட்டு, இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்ட இணைப்புகளில் அந்த வேலையை நடத்தியது. மெஷின் இருக்கும் வீடுகள் அதில் மிகச் சின்னப் பங்கு. ஒரு டிக் போடும் கட்டம் போதும்.

சட்டமும் இதற்கு ஆதரவாகவே இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 8ஆவது பிரிவு, மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் தன் மாவட்டத்து மாற்றுத் திறனாளிகளின் விவரங்களைப் பதிவு செய்து வைக்க வேண்டும், ஆபத்து வரும்போது அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. மெஷினில் இருக்கும் எல்லோரும் சட்டப்படி மாற்றுத் திறனாளிகள் ஆகமாட்டார்கள். ஆனாலும் பேரிடருக்கு முன்பே பெயர் தெரிந்திருக்க வேண்டும் என்ற கொள்கையைச் சட்டம் ஏற்றுக்கொண்டுவிட்டது. அதைக் கொஞ்சம் அகலப்படுத்தினால் போதும்.

ஆஸ்பத்திரியே தகவல் கொடுத்துவிட முடியாதா?

மரக்காணத்தில் இந்தக் கேள்விக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. இங்கிருந்து பெரிய சிகிச்சைக்குப் போகும் பலர் ஈசிஆரில் தெற்கே இறங்கி புதுச்சேரி ஜிப்மருக்குத்தான் போகிறார்கள். அது மத்திய அரசு நிறுவனம். இருப்பது வேறு யூனியன் பிரதேசம். அங்கே மின்துறையும் வேறு. இன்னும் சிலர் விழுப்புரம் முண்டியம்பாக்கம் போவார்கள், சிலர் சென்னைக்கு. டிஸ்சார்ஜ் சீட்டில் "வீட்டில் ஆக்சிஜன் தொடரவும்" என்று எழுதிக் கொடுத்தால், அந்த வரி மாநில எல்லையைத் தாண்டி மரக்காணம் இபி ஆபீசுக்கு வந்து சேர வழி கிடையாது.

எனவே பட்டியல் நோயாளியின் வீட்டிலிருந்து தொடங்குவதுதான் சரி. ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் டிஸ்சார்ஜ் சீட்டைக் காட்டினால் பதிவு. மெஷின் தேவை முடிந்தால் நீக்கம். எந்த ஆஸ்பத்திரியில் பார்த்தார் என்பது பிரச்சினையே இல்லை.

வெளிநாடுகளில் எப்படி?

ஆஸ்திரேலியாவின் பல மாநிலங்களில் உயிர்காக்கும் கருவி இருக்கும் வீடுகளை மின் நிறுவனங்கள் பதிவு செய்ய வேண்டும் என்பது விதி. ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர், டயாலிசிஸ் மெஷின், வென்டிலேட்டர் எல்லாம் அதில் வரும். பராமரிப்புக்காக லைனை நிறுத்துவதற்கு முன் அந்த வீட்டுக்குக் குறைந்தது நான்கு வேலை நாள் முன்பே எழுத்து மூலம் சொல்ல வேண்டும். பில் கட்டவில்லை என்று அந்த வீட்டின் ஃபியூஸைப் பிடுங்க முடியாது.

பிரிட்டனில் முன்னுரிமைச் சேவைப் பதிவேடு என்று ஒன்று உண்டு. பதிவு இலவசம். அமெரிக்காவில் மெடிகேர் காப்பீட்டுக் கணக்கிலிருந்து, மின்சாரத்தை நம்பிய மருத்துவக் கருவி வைத்திருப்போர் எந்தப் பகுதியில் எத்தனை பேர் என்ற வரைபடத்தையே சுகாதாரத் துறை வெளியிடுகிறது. பொதுமக்களுக்கு எண்ணிக்கை மட்டும் தெரியும், பெயர் தெரியாது.

பட்டியல் மட்டும் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல முடியாது. 2021 நவம்பரில் ஆர்வென் புயல் பிரிட்டனைத் தாக்கியபோது பத்து லட்சத்துக்கு நெருக்கமான வீடுகளில் கரன்ட் போனது. கிட்டத்தட்ட 4,000 வீடுகளுக்கு ஒரு வாரத்துக்கும் மேல் வரவில்லை. பதிவேடு வைத்திருக்கும் நாட்டிலேயே இதுதான் நிலை. நமக்கும் இதில் பாடம் உண்டு. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் டெல்டாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. உள் கிராமங்களுக்குக் கரன்ட் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. அத்தனை நாளைக்கு எந்த வீட்டு பேட்டரியும் தாங்காது. அப்படிப்பட்ட சமயத்தில் நோயாளியை மெஷின் ஓடும் இடத்துக்குக் கொண்டுபோவதுதான் ஒரே வழி. கொண்டுபோக வேண்டுமானால், அவர் எங்கே இருக்கிறார் என்று தெரிந்திருக்க வேண்டும்.

தெரியாவிட்டால் இறந்த பிறகும் கணக்கில் வரமாட்டார்கள். 2017 செப்டம்பரில் மரியா புயல் போர்ட்டோ ரிக்கோ தீவைப் புரட்டிப் போட்டது. அரசு முதலில் சொன்ன சாவு எண்ணிக்கை 64. பிறகு ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வு, அடுத்த ஆறு மாதங்களில் கூடுதலாக இறந்தவர்கள் 2,975 பேர் என்று மதிப்பிட்டது. மாதக்கணக்கில் மின்சாரமும் சிகிச்சையும் கிடைக்காமல் போனது அதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்றாகப் பேசப்பட்டது. நம் ஊரிலும் சுவர் இடிந்து இறந்தவர், மரம் விழுந்து இறந்தவர், மின்சாரம் பாய்ந்து இறந்தவர் என்றுதான் புயல் செய்திகளில் கணக்கு வரும். மெஷின் நின்று மூச்சுத் திணறியவரின் பெயர் "வயதானவர், உடல்நலக் குறைவு" என்று முடிந்துவிடும்.

இபி தரப்பில் என்ன சொல்வார்கள்?

"ஒரு வீட்டுக்கு மட்டும் கரன்ட் கொடுக்க முடியாது. ஃபீடர் முழுசா சரியானால்தான் முடியும்." இது உண்மைதான். கொட்டும் மழையில் கம்பத்தில் ஏறும் லைன்மேனும் ஒரு வீட்டின் அப்பாதான், பிள்ளைதான். பட்டியலைக் காட்டி அவரை அவசரப்படுத்துவது தவறு.

பட்டியலின் முதல் பயன் தகவல். பராமரிப்பு என்றால் இரண்டு நாள் முன்பே அந்த வீட்டுக்கு ஒரு போன். திடீர் மின்தடை என்றால் "ரெண்டு மணி நேரமா, இல்ல ராத்திரி முழுக்கவா" என்று ஒரு தோராயமான பதில். இரண்டு மணி நேரம் என்றால் பேட்டரியில் ஓட்டலாம். ராத்திரி முழுக்க என்றால் வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பலாம். அந்த ஒரு பதில் தெரியாமல்தான் குடும்பங்கள் பேட்டரி தீரும் வரை காத்திருந்து, இருட்டிய பிறகு தண்ணீர் நிற்கும் ரோட்டில் அலைகின்றன.

"பொய்யாகப் பதிவு செய்வார்களே?" செய்யலாம்தான். ஆனால் இதில் இலவச மின்சாரமோ பணமோ கிடையாது. ஒரு போன் அழைப்புக்காக மருத்துவச் சான்று வாங்கி ஏமாற்றுவோர் அதிகம் இருக்கப்போவதில்லை. நோயாளி விவரம் வெளியே கசியக்கூடாது என்ற கவலை நியாயமானது. இபிக்கு நோயின் பெயர் தேவையில்லை. "இந்த இணைப்பில் மருத்துவக் கருவி உண்டு" என்ற ஒரு குறி போதும்.

அரசு செய்ய வேண்டியவை

ஒன்று, ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு, அது மின் இணைப்பு எண்ணோடு இணைய வேண்டும். இரண்டு, பராமரிப்பு மின்தடைக்கு முன் அந்த வீடுகளுக்கு நேரடி போன் அழைப்பு. மூன்று, மழைக்காலத்துக்கு முன்பே மரக்காணம் அரசு ஆஸ்பத்திரியிலும் சுற்றியுள்ள சுகாதார நிலையங்களிலும் இரவல் கொடுக்க ஆக்சிஜன் சிலிண்டர்கள். நான்கு, புயல் பாதுகாப்பு மையங்களில் ஜெனரேட்டரில் ஓடும் பிளக் பாயின்ட்டுகளோடு ஒரு அறை. ஐந்து, புயலுக்கு முன் கர்ப்பிணிகளை அழைத்துவரும் அதே ஏற்பாட்டில் இவர்களையும் சேர்ப்பது.

இதில் எதற்கும் புதுத் துறை தேவையில்லை. ஜெனரேட்டர் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதை மட்டும் கட்டாயம் பார்க்க வேண்டும். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் ஒரு பெரிய தனியார் மருத்துவமனையிலேயே ஜெனரேட்டர் அறைக்குள் தண்ணீர் புகுந்தது மறக்கக்கூடியதல்ல.

வீட்டில் இன்றைக்கே செய்யக்கூடியவை

அரசு வரும் வரை காத்திருக்க முடியாது. சென்னையிலோ பெங்களூருவிலோ வேலை பார்த்துக்கொண்டு, ஊரில் அப்பா அம்மாவை மெஷினோடு விட்டிருப்பவர்களுக்கு இந்த வாரக் கடைசியிலேயே முடிக்கக்கூடிய வேலைகள் இவை.

முதலில் டாக்டரிடம் ஒரு கேள்வி: "மெஷின் இல்லாமல் எவ்வளவு நேரம் தாங்குவார்?" இந்தப் பதிலை டிஸ்சார்ஜ் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். மற்ற எல்லாத் திட்டமும் இதிலிருந்துதான் தொடங்கும்.

ஆக்சிஜனுக்கு பேட்டரியைவிட நம்பகமான பேக்கப் சிலிண்டர். அதற்குக் கரன்ட் வேண்டாம். சின்ன பி டைப் சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர் இருக்கும். நிமிடத்துக்கு 2 லிட்டர் எடுப்பவருக்கு 12 மணி நேரம், 5 லிட்டர் எடுப்பவருக்கு 5 மணி நேரம் வரும். பெரிய டி டைப்பில் சுமார் 7,000 லிட்டர். 2 லிட்டர் வீதம் இரண்டு நாளுக்கு மேல் தாங்கும். ரெகுலேட்டரும் சாவியும் கூடவே இருக்கிறதா, திறக்கத் தெரிந்தவர் வீட்டில் யார் என்பதையும் பாருங்கள். சிலிண்டரை நிமிர்த்திச் சங்கிலி போட்டுக் கட்டுங்கள். அடுப்பு, பீடி, எண்ணெய் எதுவும் பக்கத்தில் கூடாது. மூச்சு வாங்குகிறதே என்று டாக்டர் எழுதிய அளவைத் தாண்டித் திருகாதீர்கள். சில நுரையீரல் நோயாளிகளுக்கு அதிக ஆக்சிஜனே ஆபத்து.

சிபாப் மெஷினில் சூடேற்றும் ஈரப்பத வசதியை அணைத்தால் கரன்ட் தேவை வெகுவாகக் குறையும். ஒரு ராத்திரியை பேட்டரியிலேயே ஓட்டலாம். நெபுலைசருக்குப் பதில் ஸ்பேசரோடு இன்ஹேலர் போதுமா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். சளி உறிஞ்ச காலால் மிதித்து இயக்கும் கருவி கிடைக்கிறது. காற்று மெத்தை நின்றுவிட்டால் இரண்டு மணிக்கொரு முறை நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். பிரிட்ஜ் நின்றால், உபயோகத்தில் இருக்கும் இன்சுலினை ஈர மண்பானைக்குள் வைத்துக் குளிர்ச்சியாகப் பாதுகாக்கலாம்.

வாடகை ஜெனரேட்டர் எடுத்தால் வீட்டுக்குள்ளோ ஜன்னல் ஓரத்திலோ வைக்கவே வேண்டாம். அதன் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே கொன்றுவிடும். சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லாமல் வீட்டு வயரிங்கில் சொருகினால், அந்த மின்சாரம் வெளியே லைனுக்குப் போய் வேலை பார்ப்பவர் மீது பாயும்.

கடைசியாக மூன்று எண்கள்: மின்வாரியத்தின் மின்னகம் 94987 94987, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077, ஆம்புலன்ஸ் 108. மின் இணைப்பு எண்ணையும் சேர்த்து ஒரு அட்டையில் எழுதி மெஷின் மேலேயே ஒட்டி வையுங்கள். புகார் கொடுக்கும்போது "வீட்டில் ஆக்சிஜன் மெஷின் ஓடுகிறது" என்பதை முதல் வரியிலேயே சொல்லுங்கள்.

அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே மரக்காணம் வட்டாரத்தில் இந்தப் பதிவைச் சோதித்துப் பார்க்கலாம். சில கிராமங்கள், ஒரு துணை மின்நிலையம், சில சுகாதாரத் தன்னார்வலர்கள், ஒரு நோட்டு. எத்தனை வீடுகள் என்று எண்ணி முடித்தாலே பாதிக் கேள்விகளுக்கு விடை கிடைத்துவிடும். அடுத்த முறை லைனை நிறுத்துவதற்கு முன், எந்தெந்த வீட்டுக்கு போன் போட வேண்டும் என்பது இபி ஆபீசில் யாருக்காவது தெரிந்திருக்கும்.